பேரப்பிள்ளைகளோடு ஓர் ஐப்பசி நடை

(ஓசூரில் மூத்தோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

காலாண்டுத் தேர்வு இந்த வாரத்தோடு முடிகிறது. ஆயுதபூஜைக்கு சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பூஜை லீவு முடிந்த மறுநாள் விடிகாலையில் கம்பெனி பஸ் மறுபடி தெருமுனையில் வந்து நிற்கும். மகன் ஏ ஷிப்ட், மருமகள் ஜெனரல் ஷிப்ட். பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டிகளான நம்மிடம். அந்த நாட்களை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை இந்த மூன்று மாதமும் பேரப்பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். தூரம் வேண்டாம், ரிசார்ட் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை, ஒரு ராகிக் கொல்லை, உட்கார ஒரு பாறை போதும். ஆனால் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். போன வாரம் இடுப்பளவு இருந்த பயிர் இந்த வாரம் கதிர் வாங்கியிருப்பதை ஒரு குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் காரில் போய் நூறு இடம் பார்த்துவிட்டு வரும் குழந்தைக்கு அது கிடைக்காது.

நான் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து தனி மாவட்டமான 2004-க்கு முன்பிருந்தே இங்கே பாடம் நடத்தியவள். என் பேத்தி இப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுடைய பாடப் புத்தகத்தில் பருவங்களைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அக்டோபர் மாதம் என்றால் ஆரஞ்சு நிறத்தில் மேப்பிள் இலை உதிர்கிற படம். அதற்கு வண்ணம் தீட்டச் சொல்லி ஒரு தாள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு கிரேயானால் தீட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே புங்கமரம் பச்சைப்பசேல் என்று நனைந்து நின்றது.

ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இந்த மாதங்களில் இலை சிவப்பதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். அது அவர்கள் ஊருக்கு அழகு. நம் காடுகளில் இலை உதிர்வது தை, மாசி, பங்குனியில். இந்த மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து சாரல் வரும். புரட்டாசி, ஐப்பசியில் பிற்பகல் இடியோடு கனமழை கொட்டும். வருடத்தில் இந்த இரண்டு மாதம்தான் நமக்கு நல்ல மழை மாதம். ஏரி நிரம்புவதும், வழிந்து கோடி போவதும், கொல்லையில் கதிர் முற்றுவதும், தூரதேசத்துப் பறவை வந்து இறங்குவதும் இப்போதுதான். புத்தகம் சொல்லும் இலையுதிர்காலம் நம் ஊரில் நிறைவின் காலம். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போகக்கூடாது.

நம்மிடம் ஒரு தயக்கம் உண்டு. “எனக்கு என்ன தெரியும் சொல்லிக்கொடுக்க?” என்று பல பாட்டிகள் கேட்கிறார்கள். அதற்கு யானையைக் கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தில் ஐப்பசி என்றாலே யானை வரும் மாதம். கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக அவை தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. தளி, நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு என்று காட்டுக்குக் காடு நகர்ந்து, ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையைக்கூடக் கடந்து, அறுவடை முடிந்த பிறகே திரும்புகின்றன. எந்தக் காட்டில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்த ஊரில் எப்போது ராகி முற்றும் என்பதை எந்தக் குட்டியும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. கூட்டத்தை நடத்தி வருபவள் மூத்த பெண் யானை. பெரும்பாலும் அந்தக் குட்டிகளின் பாட்டி.

மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளுக்குப் பிறப்பு, இறப்பு, தாய் யார் என்று பல தலைமுறைக்கு எழுதிவைத்த பதிவேடுகள் உண்டு. அவற்றைப் பின்லாந்து நாட்டு துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 வயதுகூட ஆகாத தாயின் கன்று செத்துப்போகும் அபாயம், பாட்டியும் அதே இடத்தில் கூட இருந்தால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. தான்சானியாவில் தரங்கிரே என்று ஒரு தேசியப் பூங்கா. 1993-இல் அங்கே கடும் வறட்சி. வயது முதிர்ந்த பெண் யானைகள் நடத்திய குடும்பங்கள் பூங்காவை விட்டு வெளியேறித் தண்ணீர் தேடிப் போயின. அவற்றின் கன்றுகள் அதிகமாகப் பிழைத்தன. இளம் யானைகள் நடத்திய குடும்பம் இருந்த இடத்திலேயே இருந்து கன்றுகளை இழந்தது. அந்தக் கிழவிகள் முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு பஞ்சத்தைத் தம் சிறு வயதில் பார்த்திருக்க வேண்டும், அந்த நினைவுதான் வழிகாட்டியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த யானை எந்தப் பாடமும் நடத்தவில்லை. முன்னால் நடந்தது, குட்டிகள் பின்னால் வந்தன. நம்மிடம் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதும் அதுதான். செடியின் பெயர் தெரியவில்லை என்றால் பரவாயில்லை. அந்த ஏரியில் 1980-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். இணையத்தில் எங்கே தேடினாலும் அது கிடைக்காது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். “வா, யானை பார்க்கப் போகலாம்” என்று மட்டும் பேரனிடம் சொல்லாதீர்கள். யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று தெரிந்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கும்பலைப் பார்க்கும்போது என் வயிறு எரிகிறது. இந்த எல்லையோரக் கிராமங்களில் யானையால் உயிர் போன குடும்பங்கள் இருக்கின்றன. விளைந்த கொல்லையைக் காக்கப் பரண் மேல் குளிரில் கண்விழித்து, தகரம் தட்டி, வெடி போட்டு இரவைக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்வேலியில் சிக்கிச் செத்த யானைகளும் இருக்கின்றன. அது வேடிக்கை பார்க்கும் காட்சி இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது நாம்தான்.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோரங்களுக்கு இந்த மாதங்களில் சிறு பிள்ளைகளோடு போகவே வேண்டாம். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு சரணாலயமும் அந்தப் பக்கம்தான். அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பது குற்றம். காட்டைக் காட்ட ஆசைப்பட்டால் அய்யூரில் வனத்துறை நடத்தும் பூங்காவுக்கு, அவர்கள் திறந்திருக்கும் நேரத்தில், அவர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். மற்ற ஊர்களிலும் கிளம்பும் முன் டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்: “நேத்து ராத்திரி எந்தப் பக்கம் இருந்துச்சு?” எது என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் போய், பதினோரு மணிக்குள் வீடு திரும்பினால் மழைக்கும் தப்பலாம்.

சரி, எங்கே போவது? முதலில் ராகிக் கொல்லை.

தமிழ்நாட்டிலேயே கேழ்வரகு அதிகமாக விளைவது நம் மாவட்டத்தில்தான். ஐப்பசியில் கதிர் பால் பிடித்திருக்கும். கொல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரப்பில் நின்று பிள்ளையைக் கதிரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி மடக்கிய குழந்தைக் கை போலவே இருக்கும், ஐந்தாறு விரல்களோடு. பேத்தி தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பால் பிடித்த மணி ஒன்றை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாக ஒரு துளி வரும். அதே கொல்லையில் கார்த்திகையில் நசுக்கினால் வராது. மணி கெட்டிப்பட்டு, தவிட்டு நிறமாகியிருக்கும்.

கொஞ்சம் குனிந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பழைய முறையில் விதைக்கிற கொல்லையில் ராகி மட்டும் இருக்காது. சில சால் ராகிக்கு ஒரு சால் அவரை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு, இடையில் கடுகு. அவரை வேரில் இருக்கும் முண்டு முடிச்சுகளைக் காட்டுங்கள். அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது. கார்த்திகையில் ராகியை அறுத்துவிட்டால் அதுவரை ஒதுங்கிக் கிடந்த அவரைக்கொடி பனியைக் குடித்துக்கொண்டு கொல்லை முழுக்கப் படரும். மார்கழியில் ஓசூர் சந்தைக்கு வருகிற, கையில் ஒட்டிய வாசனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த அவரைக்காய் இதுதான். ராகியோ நம் மண்ணில் பிறந்ததில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தது. மத்தியானம் வீட்டில் களி கிண்டும்போது இதைச் சொல்லுங்கள். களி என்றால் முகம் சுளிக்கிற பேரன் தன் கை தொட்ட கதிரிலிருந்து வந்தது என்றால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பான்.

அடுத்து ஏரிக்கரை. ஓசூருக்குள்ளேயே ராமநாயக்கன் ஏரி இருக்கிறது. பாகலூர், பேரிகை, சூளகிரி, கெலமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊருக்கு ஓர் ஏரி உண்டு. கரையோரக் கிணற்றின் மேல் சாய்ந்திருக்கும் ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் இப்போது முடிகிறது. காற்றில் அறுந்து கீழே விழுந்த கூடு நிச்சயம் ஒன்று கிடைக்கும். அதை எடுத்துப் பிள்ளையின் மடியில் வையுங்கள். தொங்குகிற கூட்டைத் தொடவேண்டாம், அதில் சில்லைக் குருவிகள் குடியேறியிருக்கலாம்.

விழுந்த கூட்டை மெதுவாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த களிமண் உருண்டைகள் அப்பியிருக்கும். எதற்காக மண் வைக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். காற்றில் கூடு ஆடாமலிருக்க என்று ஒரு கருத்து. அது மின்மினியை ஒட்டவைக்கத்தான் என்று நம் பாட்டிமார் சொன்னதையும் சொல்லலாம், சொல்லிவிட்டு மின்மினி ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளையையே தேடச் சொல்லலாம். கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. பாதி பின்னியதும் பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அரைகுறையாகவே தொங்கும். பறவை ஆய்வாளர் சாலிம் அலி இதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து 1931-இல் எழுதினார். அவர் பெரிய விஞ்ஞானி ஆவதற்கு முன்பு, வேலையில்லாமல் கடலோரக் கிராமத்தில் இருந்த நாட்களில் செய்த காரியம் அது. அவருக்கு முக்கியமாகத் தேவைப்பட்டவை பொறுமையும் நேரமும்தான். நம்மில் பலருக்கு அந்த இரண்டும் இருக்கின்றன.

வேலியோரத்தில் செங்காந்தள் பூத்திருக்கும். நம் மாநில மலர். ஒரே கொடியில் பச்சை மொட்டும், பாதி மஞ்சள் பாதி சிவப்பான பூவும், முழுக்கச் சிவந்த பூவும் ஒன்றாக இருக்கும். ஒரு பூ ஒவ்வொரு நாளும் நிறம் மாறுகிறது. இலையின் நுனியைக் காட்டுங்கள். நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறுகிறது. இதைத் தூர நின்று காட்ட வேண்டும். கிழங்கு, விதை, பூ எல்லாமே கடும் விஷம். கவுட் என்கிற மூட்டுவலிக்கு டாக்டர் எழுதித் தரும் கோல்ச்சிசின் மாத்திரை உங்களில் சிலர் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த மருந்துப்பொருள் இந்தச் செடியிலும் இருக்கிறது. அளவு மீறினால் உயிரை எடுக்கும். அழகாக இருப்பதையெல்லாம் வாயில் வைக்கக்கூடாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

வீட்டுக்குத் திரும்பியதும் பிள்ளையின் சாக்ஸைத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள். நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் அப்பியிருக்கும். சாக்ஸை அப்படியே ஒரு பழைய தொட்டி மண்ணில் பரப்பி, மேலே கொஞ்சம் மண் தூவித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சில நாட்களில் சாக்ஸிலிருந்து செடி முளைக்கும். செடிக்குக் கால் இல்லாவிட்டாலும் அது பேரனின் காலில் ஏறி நாலாவது மாடிக்கு வந்துவிட்டது என்பதை அவன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான். இந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, தாவரங்களின் வாழ்க்கையைப் பற்றியே தமிழில் எளிமையாக ஒரு நூல் எழுதினார். தாவரங்களின் இல்லறம் என்று பெயர். நாடாண்டவருக்கு அதற்கும் நேரம் இருந்தது.

இப்போது கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இயற்கை அழகு என்று மட்டும் பேசிவிட்டுப் போனால் நான் உண்மையாக இருக்க மாட்டேன்.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, பெங்களூருவின் கிழக்கோரமாக வந்து, கெலவரப்பள்ளியில் நம்மைச் சந்திக்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் பெருநகரக் கழிவுநீர் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. மழை பெய்து அணையின் மதகைத் திறந்தால் ஆற்றில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குகிறது. பல நாட்கள் தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. பேத்தியைப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்திக் காட்டினேன். “ஐ, பனி!” என்று கை தட்டினாள். பிறகு நாற்றம் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நாம் துணி துவைக்கும் தூளும் பாத்திரம் விளக்கும் சோப்பும் சாக்கடையில் போகின்றன. சுத்தம் செய்யாமல் அதை ஆற்றில் விட்டால், மதகில் தண்ணீர் விழுந்து காற்றோடு அடிபடும்போது இப்படி நுரைக்கும். “மீனெல்லாம் எங்க போகும் பாட்டி?” என்று கேட்டாள். சில தாங்கும், சில செத்துப்போகும் என்றேன். “யாரு இதைச் சரி பண்ணுவாங்க?” என்றாள். கர்நாடகத்துக்காரர்களும் நாமும் சேர்ந்து பண்ண வேண்டும், பெரியவர்கள் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் இல்லை. இதே தண்ணீர்தான் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது, சாத்தனூருக்குப் போகிறது, கடலூர் அருகே கடலில் சேருகிறது. பிள்ளை மனம் நோகுமே என்று இதை மறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தூக்கணாங்குருவியைக் காட்டிய அதே பாட்டி நுரையையும் காட்டினால்தான் அவள் சொல்வதைப் பிள்ளை நம்பும்.

தொழிற்சாலை மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததில் தொழிற்சாலைச் சம்பளத்துக்கும் பங்குண்டு. 1980-இல் டிவிஎஸ் மொபெட் இங்கிருந்து வெளிவந்தது, அதே ஆண்டு அசோக் லேலண்ட் ஆலை வந்தது, பின்னாலேயே டைட்டன் வந்தது. ஐடிஐ முடித்த எத்தனை பிள்ளைகளுக்கு இந்த ஊர் வாழ்வு கொடுத்திருக்கிறது! 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இப்போது தேன்கனிக்கோட்டை வட்டத்தில் செல்போன் பாகம் செய்கிறார்கள், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். இன்னும் வரும். வரட்டும். வரும்போது எந்த ஷெட்டுக்கு அடியில் எந்த ஏரியின் கால்வாய் போகிறது என்று தெரிந்த தலைமுறை ஒன்று வேண்டும். அந்த வரைபடம் இன்று நம் தலைக்குள்தான் இருக்கிறது.

இந்த மண்ணின் தொழில் வரலாறும் சிப்காட்டில் தொடங்கவில்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணக்கிடப்பட்டதை 2022-இல் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நாலாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்பு இங்கே இரும்பு புழங்கியிருக்கிறது. சூளகிரி அருகே மல்லச்சந்திரத்தில் பாறைக் குன்றின் மேல் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல். இறந்தவர்களுக்காக எழுப்பியவை. கொஞ்சம் பெரிய பேரன் பேத்திகளை, கால் வழுக்காத உலர்ந்த நாளில் அங்கே கூட்டிப்போங்கள். அவர்கள் ஏறி நிற்கும் அந்தப் பாறையே 250 கோடி வருடத்துக்கு முந்தையது. அங்கே குதித்துப் பறக்கும் சின்னானைக் கவனியுங்கள். தொண்டை மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள்தொண்டைச் சின்னான், தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை.

உடம்பைப் பற்றியும் நாலு வார்த்தை. சீனாவில் குவாங்சோ என்ற நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் திறந்தவெளியில் விளையாட்டு வைத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பிள்ளைகளில் முப்பது பேருக்குத்தான். 2015-இல் வந்த ஆய்வு இது. கண்ணாடி போடும் பிள்ளைகள் வகுப்பில் பெருகிவரும் காலத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதே சமயம் மழைக்காலத்துப் புல்லில் சிற்றுண்ணிகள் இருக்கும். ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் மழை முடியும் இந்த மாதங்களிலும் பனிக்காலத்திலும்தான் அதிகம். முழுக்கால் சட்டை, சாக்ஸ், ஷூ போட்டுவிடுங்கள். வெறும் புல்லில் உட்கார விடாமல் ஒரு விரிப்பு எடுத்துப் போங்கள். வந்ததும் வெந்நீரில் குளிப்பாட்டுங்கள். பிறகு சில நாட்களில் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருந்தால், ஏரிக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மருந்திலேயே குணமாகும். வரப்பில் தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் நீங்கள் நடங்கள். கண்ணாடி விரியன் இந்தக் கொல்லைகளில் உண்டு. கடித்துவிட்டால் மந்திரம், கட்டு என்று நேரம் கடத்தாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேகம் கறுத்தால் கிளம்பிவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டி, ஏரி நிரம்பி, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். கோடி போகிற ஏரியை வேடிக்கை பார்க்கலாம், அதில் காலை நனைக்கக்கூடாது.

கடைசியாக ஒரு காரியம். இந்த அரங்கில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறோம். திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஒரு பாதி. நானும் அதில்தான். இந்த மண்ணிலேயே பிறந்து, ராகி கட்டி, தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள் மறுபாதி. ஒரே தெருவில் இருந்தும் நாம் கோயிலில்தான் பார்த்துக்கொள்கிறோம். வந்தவர்களிடம் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நிலம் தெரியாது. இருந்தவர்களுக்கு நிலம் தெரியும், பேரப்பிள்ளைகள் பலர் பெங்களூருவில்.

ஆகவே கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். மத்திகிரி, பேகேபள்ளி, பாகலூர், கெலமங்கலம் ஊர்க்காரர்கள் மேடைக்கு இடப்பக்கம் வந்து நில்லுங்கள். மற்றவர்கள் அவர்களில் ஒருவரிடம் போய்ப் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊர் அவ்வா ஒருத்தர், வெளியூர்ப் பாட்டி ஒருத்தர், நாலு பிள்ளைகள் என்று சேர்ந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் கரையில் நாற்காலி போட்டு உட்காரலாம், நடக்கிறவர்கள் பிள்ளைகளோடு நடக்கட்டும். நான் வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ராமநாயக்கன் ஏரிக்கரையில் இருப்பேன். மழை தூறினால் ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம். தண்ணீர் பாட்டிலும் ஒரு பழைய சாக்ஸும் எடுத்து வாருங்கள்.